நன்கொடைக் கணினிகள் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது: என்ன செய்யலாம்?

உங்கள் பள்ளிக்கு நன்கொடையாக வந்த பத்துக் கணினிகளும் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். புதிய கணினிகள் வாங்க வேண்டாம். அந்தப் பத்துக் கணினிகளிலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) பொருத்தினாலே, இந்தத் தாமதம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சுழலும் தட்டுள்ள பழைய டிஸ்க் விண்டோஸ் 10-க்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவதே காரணமாக இருக்கலாம். கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை (Ctrl+Shift+Esc) திறந்து பாருங்கள்: எதையும் இயக்காதபோதும் டிஸ்க் 100% என்றே நின்றால் அதுதான். முதலில் ஒரே ஒரு கணினியில் மாற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செலவிடுங்கள். பள்ளிப் பணத்தில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், எஸ்எஸ்டியில் அதற்குப் பதிலாக லுபுண்டு போன்ற எளிய லினக்ஸை (கட்டற்ற, இலவச இயங்குதளம்) நிறுவுவதே நல்லது. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு.

ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) கூட்டுவதானால் மட்டும், பழைய ராமின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் டிடிஆர்2, டிடிஆர்3 என எந்த வகை குறிப்பிட்டிருக்கிறது என்று பார்த்தே வாங்குங்கள். ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது.