குதிரைக்குச் சினை ஊசி: மாட்டுக் கணக்கு இங்கே உதவாது

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறேன். பந்தயத்தில் ஓடி, பிறகு தடைதாண்டும் போட்டிகளுக்குப் பழகிய 10 வயது தரோபிரட் (பந்தயக் குதிரை இனம்) பெட்டைக் குதிரை இருக்கிறது. இதுவரை குட்டி ஈன்றதில்லை. வெளிமாநிலத்துப் பொலிகுதிரையின் உறைவிந்து கிடைக்கிறது. எங்கள் மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவரையே அழைக்கலாமா?

பதில்: வேண்டாம். மாட்டில் அவர் கைதேர்ந்தவராகவே இருக்கட்டும். குதிரையில் வேலையே வேறு. மாட்டுக்கு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பைக் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். குதிரைக்கு வாலைத் துணியால் சுற்றிக் கட்டி, பின்புறத்தைக் கழுவித் துடைத்து, சுத்தமான கையுறையுடன் பிறப்புறுப்பு வழியாகவே கையைச் செலுத்த வேண்டும். கருப்பை வாயில் விரலை வைத்து, அந்த விரலை ஒட்டியே குழாய் உள்ளே போகும். மாட்டுக்கு விந்து அடைத்த குச்சி ஒன்று போதும். குதிரைக்கு ஒரே தடவையில் அரை மில்லிக் குச்சிகள் 8 வரை தேவைப்படும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். காலையில் சினைப்பருவம் கண்டால் மாலையில் ஊசி என்ற மாட்டுக் கணக்கு இங்கே செல்லாது. குதிரையின் பருவம் 5 முதல் 7 நாள் நீளும். கருமுட்டை வெளிவருவது அதன் கடைசி ஓரிரு நாட்களில்தான். உருக்கிய உறைவிந்தோ அரை நாள்தான் தாங்கும். ஆகவே ஸ்கேன் இல்லாமல் இறங்கவே கூடாது. கருமுட்டைப் பை 35 மில்லிமீட்டரைத் தாண்டியதும் ஹார்மோன் ஊசி போடுவார்கள்; சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். அப்போது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் ஸ்கேன் பார்த்து, வெளிவந்த 6 மணி நேரத்துக்குள் விந்தைச் செலுத்த வேண்டும். இத்தனை ஓட்டம் முடியாதென்றால், ஒரு நாள் பயணத் தொலைவில் பொலிகுதிரை தேடுங்கள். 5 டிகிரியில் குளிர்வித்த விந்து 24 முதல் 48 மணி நேரம் வரை தாங்கும். என் விருப்பமும் அதுதான்.

பத்து வயதில் முதல் சினை என்பதால் எனக்குக் கொஞ்சம் கவலை இருக்கிறது. இந்த வயதில் கருப்பை வாய் சரியாக இளகாமல், சினை ஊசிக்குப் பிறகு உள்ளே நீர் தேங்குவதுண்டு. முன்கூட்டியே கருப்பையில் கிருமிப் பரிசோதனை செய்துவிடுங்கள். சினை ஊசி போட்ட மறுநாள் ஸ்கேனில் நீர் தெரிந்தால், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் மருந்து கொடுத்து வெளியேற்றுவார்கள். அந்தக் கிருமிப் பரிசோதனையை மட்டும் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

விந்து வாங்கும்போது பொலிகுதிரையின் நோய்ப் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். குதிரைகளைத் தாக்கும் தமனி அழற்சி வைரஸ் விந்து வழியாகவும் பரவும். இன்னொன்று: சினை ஊசியில் பிறக்கும் குட்டியை எந்த நாட்டிலும் தரோபிரட்டாகப் பதிவு செய்ய மாட்டார்கள், பந்தயத்தில் ஓட்ட முடியாது. தடைதாண்டும் போட்டிக்கு அந்தத் தடை இல்லை. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் போட்டிக் குதிரைகள் பெரும்பாலும் சினை ஊசியில்தான் பிறக்கின்றன.

முட்டை வெளிவந்த 14ஆம் நாள் கட்டாயம் ஸ்கேன் பாருங்கள். தரோபிரட்டில் இரட்டைக் கரு அடிக்கடி வரும். குதிரை இரண்டையும் சுமந்து ஈனுவது அரிது. 16ஆம் நாளுக்குள் மருத்துவர் ஒன்றை நசுக்கிவிட்டால் மற்றது பெரும்பாலும் பிழைக்கும்.