தீர்ப்பு இல்லாத கூட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் போன மாதம் ‘ஜல்லிக்கட்டு தேவையா, இல்லையா’ என்று கலந்துரையாடல் வைத்தோம். வந்த 18 பேரில் இரண்டு பேர்தான் கத்திக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இந்த மாதம் ஒன்பது பேர்தான் வந்தார்கள். சர்ச்சையான விஷயமே இனி வேண்டாம் என்கிறார் நூலகர். என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விஷயத்தை விடாதீர்கள், தலைப்பை மாற்றுங்கள். நீங்கள் வைத்தது பட்டிமன்றத் தலைப்பு. வாசலிலேயே இரண்டு அணி பிரிந்துவிடும். தவிர, 2014இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டு, 2017இல் மெரினா போராட்டத்தை ஒட்டிச் சட்டத்திருத்தம் வந்து, 2023இல் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றும் சொல்லியாயிற்று. ‘நம் ஊரில் நடத்தினால் எதற்குச் சம்மதிப்பீர்கள், எதற்கு மாட்டீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரே அணி என்று நினைத்தவர்களே ஆளுக்கொன்று சொல்வார்கள்.

பேச்சைத் தொடங்குமுன் எல்லோர் கையிலும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்கே யாரும் பேசக்கூடாது. கையில் சீட்டு இருந்தால் கூச்சப்படுகிறவர்களும் வாசித்துவிடுகிறார்கள்.

அடுத்தது, உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1951இல் சொன்ன விதி. எதிரே இருப்பவர் சொன்னதை, அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் பதிலைச் சொல்லலாம். கேட்க எளிதாக இருக்கும். எங்கள் கூட்டத்தில் இதே விஷயம் வந்தபோது ஒருவர், “மாடு செத்தாலும் உங்களுக்கு வீரம்தான் பெரிசு என்கிறீர்கள்” என்றார். “நான் அப்படிச் சொல்லலையே.” இரண்டாவது முறையும் தப்பு. மூன்றாவதில், “இது நின்றால் காளையை யாரும் வளர்க்க மாட்டார்கள், அடிமாட்டுக்குத்தான் போகும் என்கிறீர்கள்.” “ஆமா, அதைத்தான் சொன்னேன்.” அதன் பிறகும் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. நடத்துகிறவருக்கு நடுவர் நாற்காலி மேல் ஒரு ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. ஒருமுறை ‘தொகுத்துச் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்து, யார் பேசியது சரி என்பதுவரை போய்விட்டேன். ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “தம்பி தீர்ப்பு சொல்லிட்டீங்க, நான் கிளம்பறேன்” என்று எழுந்தார். அப்புறம் அவர் வரவே இல்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

சரி, வராமல் போன அந்த ஒன்பது பேருக்கும் முதலில் ஒரு போன் போடுங்கள்.