கார்டைக் காட்டினேன், 80 ரூபாய் போய்விட்டது, வாஷிங் மெஷின் ஓடவில்லை. இன்னொரு முறை காட்டலாமா?

காட்டாதீர்கள். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் கார்டைப் பைக்குள் வையுங்கள்.

நீங்கள் ஹாஸ்டலிலோ, வெளியூரில் தனியாகவோ இருக்கும் பிள்ளை என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் மெஷின் இருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். நான் மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள். மதுரை அண்ணாநகர் பக்கம், ஆஸ்பத்திரிகள் இருக்கிற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், காசு கட்டி நீங்களே துணி துவைத்துக்கொள்கிற கடை; நாலு மெஷின், ரெண்டு டிரையர் வைத்திருக்கிறேன். விளம்பரம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். பரமக்குடி, மானாமதுரை, கம்பம் என்று எங்கிருந்தோ வந்து பத்து நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்துக் கிடப்பவர்கள். "ஆத்துல தண்ணி ஓடுனா உன் கடைக்கு எதுக்குப்பா வரப்போறோம்" என்று சொல்லிக்கொண்டேதான் துணியைப் போடுவார்கள்.

ஆரம்பத்தில் கார்டெல்லாம் கிடையாது. மெஷின் பத்து ரூபாய் நாணயம் போடுகிற மாதிரிதான் வந்தது. பத்து ரூபாய் நாணயத்தை நம் ஊரில் யார் வாங்குகிறார்கள்? டீக்கடையில் வாங்க மாட்டான், பஸ்ஸில் முகத்தைச் சுளிப்பார்கள். 14 வடிவத்தில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. அந்த அறிக்கையைப் பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டியும் வைத்தேன். "உங்களுக்குச் செல்லும் அண்ணே, எனக்கு யார் வாங்குவா?" என்றார் பால்காரர். பெட்டி நிறைய நாணயம், அதை மாற்ற வங்கிக்குப் போனால் அங்கேயும் ஒரு பெருமூச்சு. அரசாங்கம் அடித்த காசை அந்த அரசாங்கத்து ஊரிலேயே செலவழிக்க முடியாத கொடுமையை வேறு எங்கே போய்ச் சொல்வது? அந்த எரிச்சலில்தான் கார்டு ரீடருக்கு மாறினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார்டு ரீடர் மெஷினுக்குள் இருக்கும் ஒரு பாகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் கடையில் அது தனிப் பெட்டி. அதற்குள் ஒரு சிம் இருக்கும். அந்த சிம் வழியாக உங்கள் வங்கியைக் கேட்கும். வங்கி சரி என்றதும், நாணயம் விழுகிற இடத்துக்குப் போகும் ஒயரில் 'டக் டக்' என்று துடிப்பு கொடுக்கும். ஒரு துடிப்பு பத்து ரூபாய் என்று வைத்திருந்தால் 80 ரூபாய்க்கு எட்டுத் துடிப்பு. யாரோ எட்டு நாணயம் போட்டார்கள் என்று மெஷின் நம்பிவிடும், அவ்வளவுதான். ஆக, பணம் தடுக்கி விழ ரெண்டு இடம் இருக்கிறது: வங்கிக்கும் ரீடருக்கும் நடுவில் ஒன்று, ரீடருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒன்று. எனக்கு ரெண்டும் ஒரே மத்தியானத்தில் நடந்தது.

அன்று காலையில் ரெண்டாவது மெஷினையும் மூன்றாவது மெஷினையும் இழுத்துப்போட்டு, பின்னால் கழிவுக் குழாய்ப் பக்கம் மெத்தை மாதிரி சேர்ந்திருந்த பஞ்சைக் கூட்டிவிட்டு, ஒயர்களைத் திரும்ப மாட்டினேன். மத்தியானம் ராமநாதபுரம் பக்கத்து அம்மா ஒருவர் மகனோடு வந்தார். வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், ரெண்டு பை நிறைய துணி. ரெண்டாவது மெஷினில் போட்டுவிட்டு மகன் கார்டைக் காட்டினான். ரீடரில் 91 என்று வந்தது. வங்கிப் பக்கம் பதில் இல்லை என்பதற்கான எண் அது. ஆனால் அவன் போனில் 80 ரூபாய் எடுத்ததாக மெசேஜ் வந்துவிட்டது. மறுபடி காட்டினான், மறுபடி 91, மறுபடி மெசேஜ். நான் டிரையர் பக்கம் இருந்தேன். மூன்றாம் முறை ரீடர் 'பீப்' என்று சந்தோஷமாகக் கத்தியது, பச்சை விளக்கு எரிந்தது. மெஷின் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது.

"தம்பி, மூணு தடவை காசு போயிருச்சு, இது அசையலையேப்பா" என்றார் அம்மா. மகன் அப்படிக் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கன்னா ஏமாத்திரலாம்னு கடை போட்டிருக்கீங்களா?" என்றான். டிரையர் பக்கம் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கல்லாவைத் திறந்து 240 ரூபாயை எண்ணி அவன் கையில் வைத்து, நாலாவது மெஷினில் சும்மா ஓட்டிக் கொடுத்தேன். விசாரிக்காமல் கொடுத்தது முட்டாள்தனம் என்று இதைப் படிக்கும் கடைக்காரர்கள் சொல்வார்கள். அந்த அம்மா முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

மறுநாள் ரீடர் கணக்கைப் பார்த்தேன். முதல் ரெண்டும் தோல்வி. மூன்றாவது 80 ரூபாய் என் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது! அப்படியானால் எட்டுத் துடிப்பு எங்கே போயிற்று? என் கார்டை ரெண்டாவது மெஷினின் ரீடரில் காட்டினேன். மூன்றாவது மெஷினில் ஸ்டார்ட் விளக்கு கண் சிமிட்டியது. முந்தின நாள் காலையில் ரெண்டு பிளக்கையும் மாற்றி மாட்டியிருக்கிறேன். ரெண்டும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. ஆமாம், தப்பு என் மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஒன்றில் மகளின் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வைத்திருக்கிறேன்.

கேமராவைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கலவரத்தின்போது மூன்றாவது மெஷினில் ஒரு கல்லூரிப் பையன் துணியைப் போட்டுவிட்டுக் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறான். விளக்கு தானாக எரிகிறது. இடதுபுறம் பார்க்கிறான், வலதுபுறம் பார்க்கிறான், பட்டனை அமுக்கிவிட்டு இயர்போனை மாட்டிக்கொள்கிறான்.

உங்களுக்கு இதிலிருந்து ஆக வேண்டியதைச் சொல்கிறேன். ரீடர் வெற்றி என்று காட்டி மெஷின் ஓடவில்லை என்றால், கதவை ஒருமுறை திறந்து அழுத்திச் சாத்துங்கள், ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்கள். பாதி நேரம் அதுதான். அதற்கும் ஓடாவிட்டால் பணம் கடைக்காரரிடம் இருக்கிறது, அவரிடம்தான் கேட்க வேண்டும். பக்கத்து மெஷினையும் ஒரு பார்வை பாருங்கள்! ரீடர் தோல்வி என்று காட்டி மெசேஜ் மட்டும் வந்திருந்தால் பணம் அவரிடம் இல்லை, சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. 2019 அக்டோபர் 15 முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி 5 நாளுக்குள் உங்கள் வங்கி தானாகத் திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நேரம், மெஷின் எண், அந்தப் பரிவர்த்தனைக்கான 12 இலக்க ஆர்.ஆர்.என். எண் இந்த மூன்றையும் வைத்து வங்கியில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால், வங்கிகள் மேலான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். யூபிஐயில் கடைக்குக் கட்டியதற்கும் இதே 5 நாள் கணக்குதான். ஆனால் ஹாஸ்டலே கொடுத்து ரீசார்ஜ் செய்கிற கார்டாக இருந்தால் இந்த விதியெல்லாம் எடுபடாது, வார்டனைத்தான் பிடிக்க வேண்டும்.

பணமே போகாமல் வெறுமனே மறுத்தால் அது வேறு கதை. 57 என்று வந்தால் அந்த வகைப் பரிவர்த்தனைக்கு உங்கள் கார்டில் அனுமதி இல்லை என்று அர்த்தம். புதுக் கார்டில் தொட்டுக் காட்டும் வசதியை வங்கி ஆப்பில் நீங்களேதான் திறந்துவிட வேண்டும், நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. பர்ஸோடு வைத்து அழுத்தினால் ரெண்டு கார்டைப் பார்த்து ரீடர் குழம்பும், ஒன்றை மட்டும் வெளியே எடுத்துக் காட்டுங்கள். "கார்டைத் தேய்க்க வேண்டாம், காட்டினால் போதும்" என்று நான் தினம் சொல்கிறேன். எங்கள் தொழிலில் தேய்ப்பது என்றால் இஸ்திரி, அதற்கு எதிர்த்த வண்டிக்காரரிடம் போக வேண்டும்.

அந்த 240-இல் 80 நான் தர வேண்டியதுதான், தந்தாயிற்று. மற்ற ரெண்டு 80-ம் தோல்வி ஆனவை, வங்கி அந்தத் தம்பி கணக்கில் அப்போதே திருப்பிப் போட்டிருக்கும். தம்பி, நீங்கள் இதைப் படித்தால், அப்பா நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். அந்த 160 ரூபாய்க்கு என் யூபிஐ ஸ்டிக்கர் ரெண்டாவது மெஷின் மேலேயேதான் ஒட்டியிருக்கிறது. பத்து ரூபாய் நாணயமாக மட்டும் கொண்டு வராதீர்கள்.