கிளச் பிடித்தும் பாயும் ட்ரயல்ஸ் வண்டி: பிளேட் வாங்குமுன் ஒயிலைப் பாருங்கள்

தெகிவளை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய கழகம்; அவரிடம் இருப்பது பாவித்த 250 சிசி டூ-ஸ்ட்ரோக் ட்ரயல்ஸ் மோட்டார் சைக்கிள்; கல்லிலும் மரக்கட்டையிலும் கால் ஊன்றாமல் மெதுவாக ஏறி ஓட்டும் போட்டிக்கான வண்டி. காலையில் முதல் கியர் போட்டவுடன், கிளச்சை முழுதாகப் பிடித்திருந்தும் வண்டி முன்னே பாய்கிறதாம். கராஜில் கிளச் பிளேட் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். அது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் ஓடும் வண்டியை எப்படிப் பராமரிப்பது, ஈரக் கல்லில் பின்சில்லு வழுக்குவதற்குப் புது டயர்தான் வழியா என்றும் கேட்கிறார்.

பிளேட்டுக்குப் பணம் அனுப்புவதற்கு முன், கியர்பெட்டியில் கடைசியாக என்ன ஒயில் ஊற்றினார்கள் என்று கராஜில் விசாரியுங்கள். என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வேண்டிய ஒயில் பெற்றோலோடு கலந்து போய்விடுகிறது. கீழே கேசுக்குள் இருப்பது கியருக்கும் கிளச்சுக்கும் மட்டுமானது. ட்ரயல்ஸ் வண்டியைக் கண்டிராத கராஜில், வழக்கமாக எல்லா வண்டிக்கும் ஊற்றும் 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயிலை இதற்கும் ஊற்றிவிடுவார்கள். அவ்வளவு தடித்த ஒயில், வண்டி குளிர்ந்திருக்கும்போது பிளேட்டுகளைப் பிரிய விடாது. கைநூலில் பெரும்பாலும் 75டபிள்யூ போன்ற மெல்லிய கியர் ஒயில்தான் சொல்லியிருக்கும். ஓட்டோமற்றிக் காருக்கான ஏ.டி.எஃப். திரவத்தை ஊற்றி ஓடுகிறவர்களும் ஏராளம். கொள்ளளவு அரை லீற்றர் அளவுதான் என்பதால் மாற்ற அதிகம் செலவாகாது.

வண்டியைச் சற்று ஓடவிட்டு, சூட்டோடு பழைய ஒயிலை வடியுங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்திருந்தால் வோட்டர் பம்ப் சீலைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அதை விட்டுவிட்டுக் கிளச்சைப் பிரித்துப் பயனில்லை.

சரியான ஒயில் இருந்தாலும் ட்ரயல்ஸ் கிளச் குளிரில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். பல மொடல்களுக்கு அது சுபாவம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுமுன் கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் நாலு தரம் ஆட்டி விடுங்கள். பிறகு நியூட்ரலில் சூடேற விடுங்கள். அதன்பின் பாய்ச்சல் நின்றுவிட்டால் உங்களுக்குப் பிளேட் பிரச்சினையே இல்லை.

நிற்கவில்லையா? அடுத்தது லீவர். பஞ்சுபோல அமுங்கினால் கிளச்சின் திரவக் குழாயில் காற்று இருக்கிறது. கீழேயுள்ள கிளச் சிலிண்டரிலிருந்து ஊசிக்குழலால் திரவத்தை மேல்நோக்கித் தள்ளினால் காற்று சுலபமாக வெளியேறும். ஆனால் கவனம்: சில வண்டிகளின் கிளச்சுக்கு டொட் 4 பிரேக் திரவம், வேறு சிலவற்றுக்கு மினரல் ஒயில். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் றப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். மூடியிலோ கைநூலிலோ எழுதியிருப்பதை வாசித்த பிறகே போத்தலைத் திறக்கவேண்டும். எல்லாம் செய்தும் சரிவராவிட்டால் மட்டும் பிளேட்டைக் கழற்றுங்கள். இரும்புப் பிளேட்டுகளைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறி வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

பராமரிப்புக்கு வருவோம். ட்ரயல்ஸ் போட்டியில் வேகத்துக்கு மதிப்பே இல்லை. கல்லும் மரக்கட்டையும் நிறைந்த ஒரு பகுதிக்குள் கால் ஒருதரம் ஊன்றினால் 1 புள்ளி, இருதரம் என்றால் 2, அதற்கு மேல் 3, விழுந்தால் 5. குறைந்த புள்ளிக்காரர் வெல்வார். ஆகவே வண்டி நடை வேகத்திலேயே கிடந்து வேலை செய்கிறது. கிலோமீற்றர் கணக்கு இதற்குப் பொருந்தாது; எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை தரம் கழுவினீர்கள் என்பதே கணக்கு. ரேடியேற்றருக்கு எதிர்க்காற்று கிடையாது. எங்கள் வெக்கையில் விசிறி நின்றால் சில நிமிடங்களில் கொதித்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் விசிறி சுழலும் சத்தத்துக்குக் காது கொடுங்கள்.

கழுவுவதுதான் நம்மவர் வண்டியைக் கெடுக்கும் இடம். சேர்விஸ் ஸ்டேசனில் பிரஷர் வோஷ் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும். பின் சஸ்பென்ஷன் லிங்கேஜ், ஹாண்டில் கழுத்து, சில்லு பேரிங் எல்லாவற்றிலும் தண்ணீர் ஏறிவிடும். வீட்டுக் குழாயும் பிரஷும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். கடற்கரையோரம் வண்டியை நிறுத்துகிற உங்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆகையால் லிங்கேஜை ஆண்டுக்கு இருதரமாவது பிரித்து கிறீஸ் போடுங்கள். பேரிங் போனால் கலங்க வேண்டாம்: பக்கத்தில் 6203 என்பதுபோல் ஓர் எண் பொறித்திருக்கும். பெரும்பாலும் உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுதான். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போனால் அன்றே கிடைக்கும். கிளச் பிளேட், பிரேக் பாட் போன்றவைதான் வெளியிலிருந்து வரவேண்டும். நான்கு பேரும் ஒரே கம்பனி வண்டி வைத்திருந்தால் சேர்ந்து வரவழைக்கலாம்.

ஸ்பொஞ்ச் எயார் பில்டரை ஒவ்வொரு சேற்று ஓட்டத்துக்குப் பிறகும் மண்ணெண்ணெயில் அலசி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, பில்டர் ஒயில் பூசிப் போடுங்கள். காய்ந்த பில்டர் மண்ணைத் தடுக்காது. பெற்றோல் 95 ஒக்ரேன் நல்லது. ஒயில் கலவை கைநூல்படி. வழக்கமாக லீற்றருக்கு 15 முதல் 20 மில்லிலீற்றர். இரண்டு வாரம் ஓடாமல் நிற்கப்போகிறது என்றால் காபரேற்றரை வடித்துவிடுங்கள்.

டயர் கேள்விக்குப் பதில்: புதிது வாங்குமுன் காற்றைக் குறையுங்கள். பின்சில்லுக்கு 4–5 பிஎஸ்ஐ, முன்சில்லுக்கு 6–7. ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஏறக்குறைய 30 அடித்துப் பழகிய கைக்கு இது காற்றுப் போன டயராகவே தோன்றும். அந்தத் தொய்வில்தான் டயர் கல்லைத் தழுவிப் பிடிக்கிறது. பெற்றோல் ஷெட் மானியை இந்த அளவுக்கு நம்பமுடியாது. 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் சிறிய மானி ஒன்று வாங்குங்கள். இந்த விளையாட்டில் கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தரும் சாமான் வேறில்லை. கபொக் கல்லின் (செம்பூரான் கல்) கூர்விளிம்பில் றிம் இடிபட்டால் ஒரு பிஎஸ்ஐ கூட்டலாம். டயர்க் கட்டைகளின் விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டால்தான் புது டயர்.

அதோடு, ஈரத்தில் வழுக்குவது பாதி வலதுகையின் வேலை. முதல் கியரில் முறுக்கினால் சில்லு சுற்றும், ஏறாது. இரண்டாம் கியரில், குறைந்த சுழற்சியில், வந்த வேகத்தோடு ஏறுங்கள். உள்ளங்காலின் நடுப்பகுதி பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்), முழங்கால் தளர்வாக, லீவர்களில் ஒரு விரல் மட்டும். கல் தேடிப் போகாத நாட்களில் வீட்டு முற்றத்தில் ஹாண்டிலை முழுக்க ஒடித்து, வெளிப்பக்கப் பெக்கில் எடையைக் கொடுத்து எட்டுப் போடுங்கள். கல்லில் ஏறும் வித்தையைவிட இதுதான் புள்ளிகளைக் குறைக்கும். விழுந்தால் எஞ்சினை நிறுத்த மணிக்கட்டில் கட்டும் கில் சுவிட்ச் கயிறு முற்றத்திலும் கட்டாயம்.

இடம்: அவிசாவளைப் பக்க றப்பர் தோட்டங்கள் இதற்கு அருமையானவை. ஆனால் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி எடுங்கள், பால் வெட்டும் மரங்களின் வேரில் ஏறாதீர்கள். மழைக்காலச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. காலில் கீறல் இருந்தால் மூடிக்கொண்டே இறங்குங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் சேற்றில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள். போட்டிக்கென்றே செய்த ட்ரயல்ஸ் வண்டிகள் பல பதிவில்லாதவை. உங்களுடையதும் அப்படியானால் பக்கத்துத் தெருவுக்குக்கூட ஓட்டிப் போகக்கூடாது. ஒரு பட்டா வாகனத்தை (சிறிய லொறி) வாடகைக்குப் பிடித்தால் இரண்டு வண்டிகளை ஏற்றலாம். எடை எழுபது கிலோ சொச்சம்தான், இருவர் தூக்கினால் போதும். ஏற்றியதும் பெற்றோல் டப்பை மூட மறக்காதீர்கள்.