கொழும்பில் ரொக், ஜாஸ், ஃபங்க், சோல் இசைத்தட்டுகள் சேர்க்கத் தொடங்குகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, ஜப்பானில் இருந்து வந்த பாவித்த டேர்ன்டேபிள் ஒன்று கைக்கு வரப்போகிறது, நாலு வகை இசையையும் சேர்க்க ஆசை, எந்தத் தட்டில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டுக்குப் பிறகு வருவோம். காசைக் கொடுக்கு முன் அந்த மெஷினைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் மின்சாரக் குறிப்பைப் படியுங்கள்.

இங்கே வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். டோக்கியோப் பக்கம் 50 ஹேர்ட்ஸ், ஒசாகாப் பக்கம் 60. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை இறக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. பழைய பெல்ட் டிரைவ் மெஷின்கள் பலவற்றில் ஏசி சிங்க்ரனஸ் மோட்டர் இருக்கும். அதன் வேகத்தைத் தீர்மானிப்பதே ஹேர்ட்ஸ்தான். மோட்டரில் பெல்ட்டை இழுக்கும் கப்பி 60க்கு அளவெடுத்ததாக இருந்து, அதை 50இல் ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றுத்தான் சுற்றும். பாட்டு மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். மோட்டரில் பழுது என்று நினைத்து பெல்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு, பிரயோசனம் இல்லை. 1.2 மடங்கு விட்டமுள்ள 50 ஹேர்ட்ஸ் கப்பிதான் அதற்கு மருந்து. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 மாதிரி, பெல்ட் இல்லாமல் மோட்டரே நேராகச் சுற்றி, வேகத்தைக் குவாட்ஸ் படிகம் காக்கும் டைரக்ட் டிரைவ் மெஷினுக்கு இந்தத் தலையிடி இல்லை, வோல்ட் சரியாக இருந்தால் போதும். வேகத்தைப் பார்க்க, 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டை 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு பல்பின் கீழே சுற்ற விடுங்கள். கோடுகள் நின்றது போலத் தெரிந்தால் 33⅓ சரி. 216 கோடு உள்ளது 60 ஹேர்ட்ஸுக்கானது, அதை வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மெஷினோடு வரும் பழைய ஊசியை நம்பவே கூடாது. எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஊசியின் ஆயுள் ஏறக்குறைய 500 முதல் 1,000 மணித்தியாலம். தேய்ந்த ஊசி பள்ளத்தின் சுவரைச் சீவிவிடும், அதைத் திருத்த வழி இல்லை. ஊசி தட்டை அழுத்தும் பாரத்தை, காட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) ஓடியோ டெக்னிக்கா ஏடி-விஎம்95இ என்றால் 2 கிராம், ஓட்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம் என்று சின்ன டிஜிட்டல் தராசில் அளந்து வையுங்கள். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான எண்ணம். ஊசி பள்ளத்தில் பதியாமல் துள்ளும்போதுதான் சேதம் கூட. ப்ரொட்ராக்டர் (கோணம் அளக்கும் அட்டை) வைத்து, பள்ளத்தில் காட்ரிட்ஜ் நிற்கும் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும். தட்டின் வெளி ஓரத்தில் செக்கனுக்கு 50 சென்ரிமீற்றர் அளவில் ஓடும் பள்ளம், உள்ளே லேபலுக்குக் கிட்ட 21 அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலி அங்கே நெருக்கமாகப் பதிந்திருப்பதால், கோணம் பிழைத்தால் கடைசிப் பாட்டில் 'ஸ்' ஓசைகளும் ட்ரம்பெட்டும் கரகரக்கும்.

இனித் தட்டுகள். நாலு இசைக்கும் ஒரே கண்ணால் தரம் பார்க்கக் கூடாது. ரொக்கில் கிட்டாரும் டிரம்ஸும் இடைவெளி விடாமல் நிறைந்திருப்பதால் 'விஜி' (வெரி குட் என்று விற்பவர்கள் சொல்லும், பாவித்த அடையாளம் தெரியும் தரம்) தட்டின் சிறு இரைச்சல் பெரிதாகக் கேட்காது. கொழும்பின் பழைய வீடுகளில் இருந்து வெளிவரும் ரொக் தட்டுகளில், கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் கிராமபோன் கொம்பனி ஒஃப் இந்தியா அடித்தவை கணிசம். மேற்பரப்பு இரைச்சல் கொஞ்சம் இருக்கும், ஆனால் கழுவினால் பல நன்றாகவே பாடும், விலையும் நியாயம். (அதே பெட்டியில் இலங்கையின் சூரியா லேபல் தட்டோ ஏ. ஈ. மனோகரனின் தமிழ்ப் பொப் தட்டோ கிடந்தால் விட்டுவிட்டு வராதீர்கள். அவற்றைத் திரும்ப அடிப்பார்கள் என்று காத்திருக்க முடியாது.)

ஜாஸ் நேர் எதிர். பேஸ் தனியாக வாசிக்கும் இடத்தில் ஒரு கீறல் 1.8 செக்கனுக்கு ஒருமுறை 'டிக்' என்று அடித்தால் இசையே போய்விடும். விஜிக்கு ஒரு படி மேலான விஜி பிளஸுக்குக் கீழே வாங்க வேண்டாம். அமெரிக்க ஜாஸ் லேபலான புளூ நோட்டின் முதல் பதிப்பென்று யாராவது விற்றால் லேபலைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியைச் சாய்த்துப் பாருங்கள். ஒலிப்பதிவுப் பொறியியலாளர் ரூடி வான் கெல்டர் மூலத் தட்டை வெட்டியதென்றால் 'ஆர்விஜி' அல்லது 'வான் கெல்டர்' முத்திரை இருக்கும். 1966 வரை பிளாஸ்டிலைட் ஆலையில் அடித்தவற்றில் காது போலத் தெரியும் 'பி' குறியும் இருக்கும். அந்த விலைக்கு ஆசைப்படத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். 2019இல் தொடங்கிய புளூ நோட்டின் டோன் பொயட் மறுபதிப்பு வரிசை மூல நாடாவில் இருந்து பொறியியலாளர் கெவின் கிரே வெட்டியது, அமைதியான தட்டு. 1958க்கு முந்திய மோனோ பதிவுகளை 'எலெக்ட்ரோனிக் ஸ்டீரியோ' என்று மாற்றி அடித்தவற்றை மட்டும் தொடாதீர்கள், ஒலி குகைக்குள் இருந்து வருவது போல இருக்கும்.

ஃபங்க், சோலில் சிக்கல் 45களில், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்றும் சிறு தட்டுகளில். விருந்திலும் ஜூக்பொக்ஸிலும் அடிபட்டவை அவை. அமெரிக்க 45களில் பல வினைல் அல்ல, ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். பாரமான ஊசியில் சீக்கிரம் தேயும். கீறலே இல்லாமல் பள்ளம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது தேய்மானம். கழுவினால் போகாது, பாடகரின் உச்சக் குரல் கிழிந்தே வரும். பாட்டுத் தொடங்கும் இடத்தில் மட்டும் 'ஷ்' என்ற இரைச்சல் இருந்தால் டிஜேயின் கையில் முன்பின் உருட்டுப்பட்ட தட்டு. அமெரிக்க 45இன் நடுத்துளை 38 மில்லிமீற்றர், அடப்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 1965இல் இருந்து பிரித்தானியாவில் வந்த டம்லா மோட்டவுன் 45கள் வினைல்தான், நம்பி வாங்கலாம்.

வெளிநாட்டில் இருந்து எடுக்கும்போது தட்டை மட்டைக்கு (படம் அச்சிட்ட அட்டை உறைக்கு) வெளியே வைத்து அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள். இல்லாவிட்டால் வழியில் தட்டின் ஓரம் மட்டையின் தையலைப் பிளந்துவிடும். ஒன்றாக எடுப்பதைவிட மூன்று நாலாக எடுத்தால் தட்டுக்கு விழும் தபால் செலவு குறையும்.

வந்த தட்டு, பழையதோ புதியதோ, முதலில் கழுவப்பட வேண்டும். 800 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர், 200 மில்லிலீற்றர் ஐசோப்ரொப்பைல் அற்ககோல், மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி. பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தருவார்கள், வாங்காதீர்கள். அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், பள்ளத்தில் படிந்துவிடும். பள்ளம் ஓடும் திசையில் மென்தூரிகையால் வட்டமாகத் தேய்த்து, வேறொரு தூரிகையும் வெறும் காய்ச்சி வடித்த நீரும் கொண்டு இன்னொரு தரம் அலசுங்கள். லேபல் நனையக் கூடாது. ஃபேனைப் போட்டுக் காயவிட்டால் தூசி ஈரத்தில் ஒட்டும், நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். 78 சுற்று ஷெல்லாக் தட்டில் இந்தக் கலவை படவே கூடாது, அற்ககோல் ஷெல்லாக்கைக் கரைக்கும்.

கொழும்பின் ஈரத்தில் தட்டைவிட மட்டைதான் முதலில் சாகும். வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்த தட்டைக் கழுவி மீட்கலாம். மட்டைக்குள் இறங்கியது முழுதாகப் போகாது. பழைய கடதாசி உள்ளுறையை எறிந்துவிட்டு பொலித்தீன் உட்பூச்சுள்ளதைப் போடுங்கள். வெளியுறை பொலிப்ரொப்பிலீனாக, மேல்பக்கம் திறந்ததாக இருக்கட்டும். ஒட்டி மூடினால் ஈரம் உள்ளே அடைபடும், பிவிசி உறையோ வெக்கையில் தட்டில் புகைபோல் படியும். ராக்கை மழைச் சுவரில் இருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி, நிலத்தில் இருந்து உயர்த்தி வையுங்கள், கறையானுக்கும் அதுவே தடை. 100 எல்பி (33⅓ சுற்றும் பெரிய தட்டு) 25 முதல் 30 கிலோ வரும், சிப்போட் தட்டு வளையும். மூடிய அலுமாரியில் சிலிக்கா ஜெல் வைத்தால் நிறம் மாறியதும் 120 பாகை அவனில் உலர்த்தித்தான் திரும்ப வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் மணிதான்.

கடற்கரைப் பக்கம் என்பதால் இன்னொன்று. ஒரு நாள் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் மங்கினால் காட்ரிட்ஜ் செத்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். உப்புக்காற்றில் ஹெட்ஷெல் (காட்ரிட்ஜ் பொருத்தும் தலை) முனைகளும் வயர் பிளக்கும் கறுத்திருக்கும். கொன்டாக்ட் கிளீனர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.