சாவி தேடும் விளையாட்டுக்கு 2 லட்ச ரூபாயா?

கேள்வி: காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். வீட்டைச் சுற்றிக் காட்டும் 360 டிகிரி படங்களை எங்கள் இணையதளத்தில் வைக்க விருப்பம். வெறுமனே பார்த்துவிட்டுப் போவதாக இல்லாமல், பிள்ளைகள் கட்டுக்குக் கட்டு போய்ச் சாவி தேடிப் பூட்டைத் திறக்கிற விளையாட்டாக அமைக்க ஆசை. ஒரு நிறுவனம் 2 லட்ச ரூபாயும், அதற்கு மேல் ஆண்டுக் கட்டணமும் கேட்கிறது. 'மெட்டாவெர்ஸ் தொழில்நுட்பம்' என்கிறார்கள். கம்ப்யூட்டர் படிக்கும் அண்ணன் மகனோ தானே இலவசமாகச் செய்துவிடுவேன் என்கிறான். யாரை நம்புவது?

பதில்: முதலில் அந்த 'மெட்டாவெர்ஸ்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். பலர் கூடி உலவும் மெய்நிகர் உலகத்துக்குச் சொல்லும் பெயர் அது. உங்களுக்கு வேண்டியது அதைவிட எளிமையான வேலை. உங்கள் வீட்டுக்கு அதுவே பொருத்தமும்கூட.

360 டிகிரி படம் என்பது அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும் ஒரு சாதாரண ஜேபெக் கோப்பு. நேரடியாகத் திறந்தால் உத்தரமெல்லாம் வளைந்து கோணல்மாணலாகத் தெரியும். உலாவியில் ஓடும் ஒரு சிறிய நிரல், அந்தப் படத்தைப் பானையின் உள்சுவரில் ஒட்டுவதுபோல் ஒட்டி, பார்ப்பவரின் கண்ணை நட்டநடுவில் வைக்கிறது. நடுவில் நின்றபடி எந்தப் பக்கமும் திரும்பலாம்; ஓர் அடிகூட முன்னால் நகர முடியாது. முகப்பிலிருந்து, நடுமுற்றம் உள்ள வளவுக்குப் போவது என்றால், ஒரு படத்தை எடுத்துவிட்டு அடுத்த படத்தைக் காட்டுவதுதான். ஆகவே ஓடுவது, துரத்துவது எல்லாம் இதில் வராது. 'முழு 3டி கேம்' என்று அந்த நிறுவனம் சொல்லியிருந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தேடுவதும், தொடுவதும், நினைவில் வைத்துக்கொள்வதும்தான் இந்த விளையாட்டு. அது போதாதோ என்று தயங்க வேண்டாம். 2001-ல் வெளியான 'மிஸ்ட் 3: எக்ஸைல்' என்ற புகழ்பெற்ற கணினி விளையாட்டு இப்படி நின்ற இடத்திலிருந்தே சுற்றிப் பார்க்கும் படங்களால் கட்டப்பட்டதுதான்.

படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத தொடும் இடங்கள் வைக்கப்படும், ஹாட்ஸ்பாட் என்பார்கள். கூடவே நிரல் சில ஆமாம்-இல்லைகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'இரண்டாங்கட்டுச் சாவி கிடைத்ததா? இல்லை.' பட்டாலை என்கிற கூடத்தில் இருக்கும் மரப்பெட்டியைக் குழந்தை தொட்டதும் அது 'ஆமாம்' ஆகிறது. அப்புறம் இரண்டாங்கட்டுக் கதவைத் தொட்டால் திறக்கும். அதற்கு முன் தொட்டால் 'பூட்டியிருக்கிறது' என்று வரும். இதற்கு மேல் ரகசியம் ஒன்றும் இல்லை. செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசலிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் போகிறது. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப்பூட்டு. வீட்டின் அமைப்பே பாதி விளையாட்டை எழுதித் தந்துவிட்டது. மீதிப் பாதியைக் கேமராவைத் தொடுவதற்கு முன்பே ஒரு முழு வெள்ளைத்தாளில் நீங்கள் எழுத வேண்டும்: எந்தச் சாவி எங்கே, அதற்கான குறிப்பு என்ன, எது திறந்தால் எது தெரியும். இந்தத் தாள் இல்லாமல் படம் எடுக்க வருபவர், இருபது அறைகளைச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போவார். அதில் விளையாட்டு எங்கேயும் இருக்காது.

படம் எடுப்பது இன்று பெரிய பாடில்லை. ரிகோ தீட்டா, இன்ஸ்டா360 மாதிரி இரண்டு லென்ஸ் கேமராக்கள் ஒரே சொடுக்கில் முழுப் படத்தையும் எடுத்துவிடும். வாங்கத் தேவையில்லை, வாடகைக்கு எடுங்கள். கண்ணாடிகளில் கேமரா தெரியத்தான் செய்யும். நீங்கள் தெரியாமல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டால் போதும்.

ஓர் இடத்துக்கு ஒரு படம் போதும். ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விளையாட்டு நடுவழியில் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். எங்கெல்லாம் ஏதாவது மாற வேண்டுமோ, அதாவது மூடிய கதவு திறக்க வேண்டும், பெட்டிக்குள் சாவி தெரிய வேண்டும், விளக்கு எரிய வேண்டும் என்றால், அங்கெல்லாம் இரண்டு படங்கள் வேண்டும்: மாறுவதற்கு முன் ஒன்று, மாறிய பின் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கேமரா ஒரு நூல்கூட நகரக் கூடாது. நகர்ந்தால் படம் மாறும்போது வீடே துள்ளுவதுபோல் தெரியும். பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். முக்காலியின் கால்களுக்கு ஆத்தங்குடித் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பொத்தானைக் கையால் அமுக்காமல் போனிலிருந்து இயக்குங்கள். வெளிச்ச அளவையும் நிற அளவையும் தானியங்கியில் விடாமல் ஒரே எண்ணில் பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் கதவு திறந்ததும் உள்ளே வரும் வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா தானாகவே முழு அறையையும் இருட்டாக்கிவிடும். வளவில் இது இன்னும் சிக்கல். மேலே திறந்த வானம், தரையில் வெயில் கட்டம். அந்தக் கட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் மூடிய கதவையும் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்த கதவையும் எடுத்தால் நிழல் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போயிருக்கும். எனவே இரண்டையும் அடுத்தடுத்து எடுங்கள். கதவைத் திறக்கப் போகும் ஆள் முக்காலி பக்கம் வராமல் சுவரோரமாகப் போகட்டும். கடைசியாக, இரண்டு படங்களையும் ஒரே அமைப்பில் கணினிக்கு மாற்றச் சொல்லுங்கள். சில மென்பொருள்கள் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக நிமிர்த்தி, தொடக்கத் திசையையும் மாற்றிவிடும். தொடும் இடங்கள் கதவை விட்டு விலகிச் சுவரில் போய் நிற்கும்.

மென்பொருளைப் பொறுத்தவரை பேனெல்லம், மார்சிபானோ இரண்டும் கட்டணமில்லாதவை. அறைக்கு அறை தாவுவதை அவை அப்படியே தரும். சாவிக் கணக்குக்குக் கொஞ்சம் நிரல் எழுத வேண்டும். அண்ணன் மகன் எழுதுவார் என்றால் அது போதும். எழுத வராது என்றால் பானோ2விஆர், 3டிவிஸ்டா போன்ற கட்டண மென்பொருள்களில் இந்த நிபந்தனைகளைத் திரையிலேயே அமைக்கலாம். 'இலவசம்' என்று அவர் சொல்வதில் கேமரா வாடகையும் அவருடைய உழைப்பும் சேரவில்லை. வீட்டுப் பிள்ளைதானே என்று சும்மா வாங்காதீர்கள், கூலி கொடுங்கள். பரீட்சை வந்ததும் பாதியில் விட்டுப் போகாமல் இருக்க அதுதான் வழி.

இப்போது அந்த ஆண்டுக் கட்டணம். இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான். வேலை முடிந்ததும் பென்டிரைவில் கோப்புகளைத் தருவார்கள். நீங்கள் இரண்டு முறை சொடுக்கினால் கருப்புத் திரைதான் வரும். உடனே, "பாருங்கள், இது எங்கள் சர்வரில்தான் ஓடும்" என்பார்கள். பாதிதான் உண்மை. வன்தட்டிலிருந்து நேராகத் திறந்தால் பாதுகாப்புக் காரணத்துக்காக உலாவி படங்களை ஏற்றாது. ஆனால் எந்தச் சாதாரண வலைத்தள இடத்தில் ஏற்றினாலும் ஓடும். உங்கள் விடுதியின் இணையதளம் இப்போது இருக்கிறதே, அந்த இடமே போதும்.

இன்னொருவர் இடத்தில் வீட்டைக் குடிவைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 360 டிகிரி படங்களைச் சுற்றுலாவாக அடுக்கித் தர, கூகுளே 'டூர் கிரியேட்டர்' என்று ஒரு சேவை நடத்தியது. எத்தனையோ ஆசிரியர்கள் அதில் பாடங்கள் செய்து வைத்தார்கள். 2021 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே, உலாவியில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ல் நிறுத்தியபோது அதில் செய்யப்பட்ட பழைய மெய்நிகர் சுற்றுலாக்கள் கூண்டோடு போயின. மூலப் படங்கள் கையில் இருந்தவர்கள் மறுபடி செய்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு வெற்று வெள்ளைப் பக்கம்தான். அரசுத் துறைகளுக்கும் இது உறைக்க வேண்டும். டெண்டரில் எத்தனை படம், எத்தனை மெகாபிக்சல் என்று எண்ணி வாங்கினால் மட்டும் போதாது. மூலக் கோப்பு யாரிடம், ஐந்து ஆண்டு கழித்து யார் சரிபார்ப்பது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். மக்கள் பணத்தில் எடுத்த கோயில் படங்கள் ஒப்பந்தக்காரரின் வன்தட்டோடு போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

எனவே அந்த நிறுவனத்திடமே வேலையைக் கொடுப்பதானாலும், ஒப்பந்தத்தில் இவற்றை எழுதி வாங்குங்கள்: கேமராவிலிருந்து வந்த அசல் கோப்புகள், இணைத்து முடித்த இரண்டுக்கு ஒன்று அளவுப் படங்கள், மென்பொருளின் திட்டக் கோப்பு, இணையத்தில் ஏற்றத் தயாரான முழு ஃபோல்டர். டொமைன், அதாவது இணையதள முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். "நாங்கள் கூகுள்காரர்கள்" என்று யாராவது போனில் பேசினால் வைத்துவிடுங்கள். கூகுள் மேப்ஸில் 360 டிகிரி படம் ஏற்றித் தருபவர்கள் தனி ஆட்கள். கூகுள் ஊழியர்கள் இல்லை. அங்கே ஏற்றிய படத்தில் சாவி விளையாட்டும் வைக்க முடியாது.

பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டிலேயே ஆகப் பழைய, மலிவான போனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். 8192க்கு 4096 அளவுள்ள ஒரு படத்தில் 3.3 கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. போனின் நினைவகத்தில் விரித்தால் ஒரே படம் 130 எம்பிக்கு மேல் பிடிக்கும். படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, பார்க்கும் பக்கத்தை மட்டும் ஏற்றும்படி அமைத்திருந்தால் போன் தாங்கும். போன் திணறினால் அந்த வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு, இது விளையாட்டைவிட முக்கியம். சாதாரணப் படத்தில் நீங்கள் காட்ட விரும்புவது மட்டும் விழும். 360 டிகிரி படத்தில் எல்லாம் விழும்: பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாள், எந்த அறையில் என்ன பழம்பொருள், சாமி அறை எங்கே, சிசிடிவி எந்தப் பக்கம் பார்க்கிறது. பழம்பொருளுக்கு விலை கிடைக்கும் ஊரில் இருக்கிறீர்கள். விளையாட்டுக்கு நிஜச் சாவியையும் அது நிஜமாகத் தொங்கும் ஆணியையும் காட்டாதீர்கள். வேறு சாவி, வேறு இடம் வையுங்கள். சாமி அறையையும், குடும்பம் புழங்கும் அறைகளையும், பங்காளிகள் பூட்டி வைத்திருக்கும் அறைகளின் உட்புறத்தையும் எடுக்கவே வேண்டாம். பங்காளிகளிடம் படம் எடுப்பதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிச் சம்மதக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் பெரிய திரையில் தரை, விட்டம், மூலை விடாமல் பெரிதாக்கிப் பாருங்கள். கூடாதது இருந்தால் மங்கலாக்கச் சொல்லுங்கள்.

முதலில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று மூன்றே இடங்கள், ஒரே சாவி என்று அண்ணன் மகனிடம் ஒரு மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள். தங்க வரும் குடும்பங்களின் பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள். அந்த நிறுவனத்திடம் மேற்கொண்டு பேச வேண்டுமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.