குடிமகன் என்ற சொல்

கேள்வி: மது குடிப்பவரைக் 'குடிமகன்' என்று கேலி செய்கிறோம். பழைய சமூகங்களில் சேர்ந்து குடிப்பதற்கு அரசியல் அர்த்தம் ஏதாவது இருந்ததா?

பதில்: நாம் கேலிக்குச் சொல்வது பண்டைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவில் சட்டமாகவே இருந்தது. அங்கே குடிமகனாக இருக்க, சுமார் 15 பேர் சேர்ந்து உண்டு குடிக்கும் பந்தி ஒன்றில் இடம் வேண்டும். அதற்கு வாக்கெடுப்பு உண்டு. பணியாள் தலையில் சட்டியோடு சுற்றி வருவான். ஒவ்வொருவரும் ரொட்டியின் மெத்தென்ற உட்பகுதியை உருட்டிப் பேசாமல் அதில் போட வேண்டும். வேண்டாம் என்பவர் உருண்டையை நசுக்கிப் போடுவார். நசுங்கியது ஒன்றே ஒன்று கிடந்தாலும் ஆள் வெளியே.

இடம் கிடைத்தாலும் மாதாமாதம் பங்கு அளக்க வேண்டும். பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், அக்கால அளவைகளில் தரும் கணக்கு: ஒரு மெதிம்னோஸ் வாற்கோதுமை மாவு, 8 கோயஸ் மது, 5 மினா பாலாடைக்கட்டி, இரண்டரை மினா அத்திப்பழம். மது மட்டும் ஏதென்ஸ் அளவில் ஏறக்குறைய 26 லிட்டர். அளக்க முடியாத ஏழைக்குக் குடியுரிமை போய்விடும். நிலம் சிலர் கையில் குவியக் குவிய, பந்தியை விட்டு விழுந்தவர்கள் பெருகினார்கள். குடிமக்கள் ஆயிரம் பேர்கூடத் தேறவில்லை என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். நாடு அழிந்ததே ஆள் இல்லாமல்தான் என்பது அவர் முடிவு. அந்த நிலத்தை உழுத ஹெலட்டுகள் என்ற அடிமைக் குடிகளுக்கோ தண்ணீர் கலக்காத மதுவைப் புகட்டிப் பந்திக்கு இழுத்து வந்து, தள்ளாடுவதை இளைஞர்களுக்கு வேடிக்கை காட்டினார்கள். எனக்கு இதைவிடக் கொடிய குடிச்சடங்கு தெரியாது.

ஏதென்ஸில் கதை வேறு. அங்கே நடந்தது சிம்போசியம். இதைக் 'கருத்தரங்கு' என்று மொழிபெயர்ப்பவர்களோடு இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே சண்டை போட்டாயிற்று. இன்னொரு முறையும் போடுகிறேன். சொல்லுக்கு நேர்ப்பொருள் கூடிக் குடித்தல். ஆண்களுக்கான அறை, சுவரை ஒட்டிப் பெரும்பாலும் 7 கட்டில்கள், கட்டிலுக்கு இருவர். கட்டில்களுக்கு இடம் விட்டுக் கதவைச் சுவரின் நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளி வைப்பார்கள். அகழாய்வில் அந்த அறையை அடையாளம் காண உதவுவது இந்தக் கதவுதான். நடுவில் கிராத்தர் என்ற வாயகன்ற கலம். ஒரு பங்கு மதுவுக்குத் தண்ணீர் இரண்டு பங்கா, மூன்று பங்கா என்பதை அன்றைக்குத் தேர்ந்தெடுத்த தலைவர் சொல்வார். கிண்ணம் வலப்பக்கமாகச் சுற்றி வரும். எல்லாருக்கும் ஒரே கலவை, ஆனால் அறையில் இருக்கும் 14 பேருக்கு மட்டும். வீட்டு மனைவிக்கு அங்கே இடமில்லை. ஊற்றிக் கொடுப்பவன் அடிமை.

கி.மு. 411இல் ஏதென்ஸின் ஜனநாயகத்தைக் கவிழ்ப்பதற்கு முன், அந்தச் சதியில் முன்நின்ற அரசியல்வாதி பெய்சாண்ட்ரோஸ் தேடிப் போனது இப்படிக் கூடிப் பழகிய நண்பர் குழுக்களைத்தான். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, ஒன்றுசேரச் சொன்னார். அங்கே யாரும் கட்டுரை வாசிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர்களே, 'கூடிக் குடித்தல்' என்றே எழுதுங்கள்.